பழைய வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த புராசசர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011-க்கும் 2017-க்கும் இடையில் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களை மனத்தில் வைத்தே இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எச்61 மதர்போர்டு, ஐ3-2100 அல்லது பென்டியம் ஜி2020, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டு மேசைக்கடியில் இருந்தால் முதல் கேள்வியிலிருந்து படியுங்கள். இவையெல்லாம் இன்டெல் புராசசர்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் புராசசர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதியில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஊர்கிறது. புராசசரை மாற்றினால் சரியாகிவிடுமா?

பாதிப் பேருக்கு ஆகாது. கடைக்குப் போகும் முன் பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் கம்ப்யூட்டர் திணறுகிறதோ அதையே செய்யுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு, அதாவது புராசசர், 20, 30 என்று சோம்பிக் கிடந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ஐ7 போட்டாலும் அது அப்படியேதான் ஊரும். மெமரி 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. போதாத ராமுக்காக விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிப்பதால் டிஸ்க்கும் சேர்ந்து 100 காட்டும். டிஸ்க்கும் மெமரியும் அமைதியாக இருந்து சிபியு மட்டும் 90, 100 என்று நின்றால்தான் புராசசர் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே பக்கத்தில் ‘பேஸ் ஸ்பீட்’, ‘ஸ்பீட்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். பேஸ் 3.1 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, முழுச் சுமையிலும் ஸ்பீட் 1.6-ஐத் தாண்டவில்லை என்றால் புராசசர் சூட்டில் தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. புராசசரின் சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட் சிங்க்கில் கம்பளிபோல் அப்பியிருக்கும் தூசியை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே வேகம் திரும்பும். இதற்கு ஆகும் செலவு ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட்.

அப்படியானால் முதல் செலவு எதற்கு?

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவுக்கு. 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். போர்டின் கட்டுப்பாட்டு சிப்பான எச்61 சிப்செட்டில் பழைய 3 ஜிகாபிட் சாட்டா இணைப்பு மட்டுமே உண்டு, அதனால் எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 270 எம்பிக்கு மேல் போகாது. பரவாயில்லை. நாம் உணரும் வேகம் சின்னச் சின்னக் கோப்புகளை உடனுக்குடன் எடுப்பதில் இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க் பக்கத்தில்கூட வராது. நாளை போர்டை மாற்றினாலும் இதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருளான பயாஸில் சாட்டா மோட் ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவுவதற்கு முன் ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ராம், 8 ஜிபி. புராசசர் மூன்றாவதுதான்.

என் போர்டில் எந்த புராசசர் உட்காரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டுதான் புராசசரைத் தேர்ந்தெடுக்கிறது, நீங்கள் அல்ல. அதனால் முதலில் போர்டின் பெயர் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் ‘பேஸ்போர்டு புராடக்ட்’ என்ற வரியில் மாடல் இருக்கும். சிபியு-இசட் என்ற இலவச நிரலில் மெயின்போர்டு பக்கமும் இதைக் காட்டும். கேபினெட்டைத் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஒரே மாடலுக்கு ‘ரெவ் 1.0’, ‘ரெவ் 2.1’ என்று வெவ்வேறு பதிப்புகள் உண்டு, அது போர்டின் ஓரத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கும் அந்த ரெவிஷனுக்கும் உரிய ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு புராசசருக்கும் எதிரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது வேலை செய்யும் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாததை, ‘புராசசர் உட்காரும் சாக்கெட் ஒன்றுதானே சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

சாக்கெட் ஒன்றாக இருந்தும் வேலை செய்யாதா?

செய்யாது, நிறைய இடங்களில். மிகப் பெரிய வலை எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட். எச்110, பி150, பி250 போர்டுகள் 6, 7ஆம் தலைமுறை புராசசர்களை மட்டும் ஏற்கும். (தலைமுறை பெயரிலேயே இருக்கிறது: ஐ3-2100 என்றால் 2, ஐ5-3470 என்றால் 3, ஐ3-12100 என்றால் 12.) எச்310, பி360, பி365 போர்டுகள் 8, 9ஆம் தலைமுறைக்கு. இரண்டும் ஒரே சாக்கெட், புராசசர் அழகாக உட்காரும், பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

எல்ஜிஏ 1155-இல் 2011இல் வந்த 2ஆம் தலைமுறையும் 2012இல் வந்த 3ஆம் தலைமுறையும் உட்காரும். எச்61 பயாஸ் அப்டேட்டோடு இரண்டையும் ஏற்கும். பி75, எச்77 நேரடியாகவே ஏற்கும். ஆனால் அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டு வரும் பிராண்டட் பெட்டிகளில் உள்ள கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுகளுக்கு 3ஆம் தலைமுறை ஆதரவை இன்டெல் கொடுக்கவில்லை. எல்ஜிஏ 1150-இல் எச்81, பி85 போர்டுகள் 4ஆம் தலைமுறைக்கு. ஐ5-4590, ஐ7-4790 போன்ற 2014 மாடல்களுக்கு ஆரம்பகால போர்டுகளில் பயாஸ் அப்டேட் தேவைப்படும்.

எல்ஜிஏ 775, அதாவது கோர் 2 டுவோ காலத்துப் பெட்டி என்றால் புராசசருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எதிர்பார்க்கும் சில கட்டளைகள் அந்த சிப்களில் இல்லவே இல்லை. குறுக்கு வழியில் நிறுவினாலும் பூட் ஆகாது.

எச்61 போர்டு, ஐ3-2100. எதை வாங்குவது?

ஐ5-3470. கோர் என்பது புராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது கவனிக்கும் வேலை வரிசை. ஐ3-2100-இல் 2 கோர், 4 த்ரெட், 3.1 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானே வேகம் கூட்டும் டர்போ கிடையாது. ஐ5-3470-இல் உண்மையான 4 கோர், 3.2 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ். பிரவுசரில் பத்து டேப், பின்னால் ஆன்டிவைரஸ், நடுவில் ஒரு வீடியோ கால் என்ற வழக்கமான வீட்டுச் சுமையில் 2 கோருக்கும் 4 கோருக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பென்டியம் ஜி2020-இலிருந்து மாறுபவர்களுக்கு இன்னும் அதிகமாகவே தெரியும். அதில் 2 கோர், 2 த்ரெட் மட்டும்தான்.

உங்கள் போர்டுக்கு பயாஸ் அப்டேட் கிடைக்கவில்லை, அல்லது அதில் கை வைக்கப் பயம் என்றால் 2ஆம் தலைமுறைக்குள்ளேயே ஐ5-2400 எடுங்கள். 3.1 முதல் 3.4 கிகாஹெர்ட்ஸ், அதுவும் 4 கோர். வேகத்தில் சிறிது குறைவு. சூட்டில் அதிகம், 77 வாட்டுக்கு பதிலாக 95 வாட்.

ஐ3-2120, ஐ3-3220 என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஐ3-இலிருந்து இன்னொரு ஐ3-க்குத் தாவுவதில் ஸ்டிக்கர்தான் மாறும்.

ஐ7-3770 போடலாமே?

போடலாம். 4 கோர், 8 த்ரெட், 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒவ்வொரு சாக்கெட்டிலும் உச்சியில் இருக்கும் சிப்புக்கு ஒரு தனி மவுசு உண்டு. போர்டை மாற்ற மனமில்லாத எல்லோரும் அதையே தேடுவதால் அதன் விலை இறங்குவதில்லை. வீடியோ எடிட்டிங், கோப்புகளை மொத்தமாக மாற்றுவது, 8 த்ரெட்டையும் கேட்கும் விளையாட்டு: இவற்றில் ஏதாவது இருந்தால் வாங்குங்கள். மற்றபடி ஐ5-க்கும் ஐ7-க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் கூடுதல் ராம் வந்துவிடும்.

6, 7ஆம் தலைமுறைப் போர்டு வைத்திருப்பவர்கள் ஐ7-7700 தேடும்போது ஒரு நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள். புதிய ஐ3-12100-உம் 4 கோர், 8 த்ரெட்தான். வேகத்தில் ஐ7-7700-ஐத் தாண்டிவிடும். பழைய ஐ7 விலை, புது ஐ3 விலையை நெருங்கினால் அந்தப் பேரம் அங்கேயே முடிந்தது. ஐ5-7500 மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

கே என்றால் ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, திறந்துவிடப்பட்டது. எச்61, எச்81, எச்110 போர்டுகளில் அந்தக் கூடுதல் காசு வீண். எஸ், டி இரண்டும் குறைந்த மின்சாரத்துக்காக வேகம் குறைக்கப்பட்டவை. டி வகை 35 அல்லது 45 வாட். சின்ன கேபினெட்டுக்கு நல்லது, மற்றவர்களுக்கு வேண்டாம். பழைய இன்டெல்லில் பி, புதிய இன்டெல்லில் எஃப்: இரண்டுக்கும் ஒரே பொருள், உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஐ5-3350பி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஏஎம்டியில் வழக்கம் தலைகீழ்: 3200ஜி, 5600ஜி என்று ஜி இருந்தால் கிராபிக்ஸ் உண்டு.

ஜியான் புராசசர் மலிவாகக் கிடைக்கிறதே?

ஜியான் என்பது சர்வர்களுக்காக இன்டெல் செய்யும் வகை. எல்ஜிஏ 1155, 1150 போர்டுகளில் ஜியான் ஈ3 வகை பெரும்பாலும் ஓடும். ஈ3-1230 வி2-இல் 4 கோர், 8 த்ரெட், 69 வாட். ஏறக்குறைய ஐ7-3770 போலத்தான். ஆனால் கிராபிக்ஸ் இல்லை. எண் 5-இல் முடியும் 1225, 1245, 1275 வகைகளில் கிராபிக்ஸ் உண்டு. போர்டின் சப்போர்ட் பட்டியலில் ஜியான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். எல்ஜிஏ 1151-க்கான ஈ3 வி5-ஐத் தொடவே வேண்டாம். எச்110, பி150 போன்ற வீட்டு சிப்செட்டுகளில் அது ஓடாதபடி இன்டெல்லே தடுத்திருக்கிறது.

பயாஸ் அப்டேட்டை எப்போது, எப்படிச் செய்வது?

பழைய புராசசர் உள்ளே இருக்கும்போதே. புதியதைப் போட்ட பிறகு திரையே வராது, அப்புறம் எங்கே அப்டேட் செய்வது? கோப்பை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள் உள்ள ஃபிளாஷ் வசதியிலிருந்து செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் நிரல்கள் வேண்டாம். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்ததற்குச் சமம். பயாஸ் சிப்பைத் தனியாகப் புரோகிராம் செய்யும் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சில எச்61 போர்டுகளில் 3ஆம் தலைமுறைக்கு மாற இரண்டு படிகள் உண்டு: முதலில் இடைப்பட்ட ஒரு பயாஸ், அதன்பின் இறுதியானது. உள்ளே உள்ள மேனேஜ்மென்ட் எஞ்சின் மென்பொருள் 7-இலிருந்து 8-க்கு மாறுவதுதான் காரணம். டவுன்லோட் பக்கத்தில் குறிப்பு இருந்தால் அதே வரிசையில் செய்யுங்கள்.

புராசசரை மாற்றியாயிற்று, டிஸ்ப்ளே வரவில்லை. என்ன செய்வது?

சாக்கெட்டுக்கு அருகில் உள்ள 4 பின் மின் இணைப்பை மறுபடி செருகினீர்களா? ஹீட் சிங்க்கைக் கழற்ற வசதியாக அதை உருவிவிட்டு மறப்பது அடிக்கடி நடக்கும். மின் ஃபேன் சுற்றும், திரை வராது. அடுத்து, கம்ப்யூட்டரை மின்சாரத்திலிருந்து முழுதாகத் துண்டித்து, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பழைய பேட்டரி என்றால் புதியதே போட்டுவிடலாம். பிறகு ஒரே ஒரு ராம் மட்டும் வைத்துப் பாருங்கள். இதற்கும் வரவில்லை என்றால் பழைய புராசசரைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பயாஸ் பதிப்பு அல்லது புதிய சிப் தவறு. பழையதும் ஓடவில்லை என்றால் சாக்கெட்டைக் கவனியுங்கள்: இன்டெல்லில் பின்கள் போர்டில் இருக்கின்றன, ஒரு பக்கமாகச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் வளைந்த பின் வரிசையிலிருந்து விலகித் தெரியும்.

பழைய ஹீட் சிங்க்கே போதுமா?

ஐ3-உடன் வந்தது ஒல்லியான அலுமினியம். ஐ5-3470-க்குச் சமாளிக்கும், கோடையில் சத்தம் போடும். 95 வாட் சிப் என்றால் நடுவில் செம்பு வைத்த தடித்த இன்டெல் ஹீட் சிங்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் துளைகளின் இடைவெளி 75 மிமீதான், ஆகவே மாற்றிப் போடலாம். 775-க்கு 72, 1700-க்கு 78, அவை பொருந்தாது.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். நான்கு பிளாஸ்டிக் பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், அடுத்தடுத்து அல்ல. ‘கிளிக்’ சத்தம் நான்கு முறை கேட்க வேண்டும். போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று சரியாகப் பூட்டாவிட்டாலும் ஹீட் சிங்க் சாய்ந்து, புராசசர் சில நிமிடங்களில் 90 டிகிரியைத் தொடும்.

ராம் வாங்கும்போது எதில் ஏமாறுவோம்?

‘8 ஜிபி டிடிஆர்3, ஏஎம்டி மட்டும்’ என்று ஆன்லைனில் பாதி விலைக்கு விற்கப்படும் ராம் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. அதன் மெமரி சிப்களின் அமைப்பு வேறு. இன்டெல்லின் மெமரி கன்ட்ரோலருக்கு அது புரியாது. எச்61-இல் இரண்டு ஸ்லாட், உச்ச அளவு 16 ஜிபி. இரண்டு 4 ஜிபி போடுவது ஒரு 8 ஜிபியைவிட நல்லது, ராமுக்கான இரண்டு பாதைகளும் (சானல்) வேலை செய்யும். புராசசருக்குள் உள்ள கிராபிக்ஸை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இதன் பலன் நன்றாகவே தெரியும்.

செகண்ட் ஹேண்ட் புராசசரை நம்பலாமா?

மதர்போர்டை நம்புவதைவிட அதிகம் நம்பலாம். புராசசர் அரிதாகவே கெடும். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் கடையானாலும், முடிந்தால் அங்கேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லி, சிபியு-இசட் காட்டும் பெயரும் மூடியில் அச்சிட்ட பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மூடியில் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி சிப். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அடிப்பக்கத்தில் தங்க நிறப் புள்ளிகளில் கறையோ கீறலோ இருந்தாலும், பச்சைப் பலகையின் ஓரம் உடைந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு வாரம் மாற்றித் தரும் உறுதியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டுமா?

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஐ3-இலிருந்து ஐ5-க்கு மட்டும் போனால், நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ் போதும். ஸ்டிக்கரில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 18, 216 வாட்தான் புராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும். பத்து வருடம் ஓடியது, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஐ5-3470 போட்டும் யூடியூப்பில் சிபியு ஏறுகிறது, ஏன்?

யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. 3ஆம் தலைமுறை கிராபிக்ஸில் எச்.264 என்ற பழைய வடிவத்துக்குத் தனிப் பொறி உண்டு, இந்த இரண்டுக்கும் இல்லை. இவற்றைப் புராசசர் தன் கையால் பிரிக்க வேண்டும். விபி9-க்கு முழு வசதி 7ஆம் தலைமுறையில் வந்தது, ஏவி1-க்கு 11ஆம் தலைமுறையில். எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் எச்.264-ஐ அனுப்பும், 1080பி வரை சுமை இறங்கிவிடும். 4கே கிடைக்காது.

விண்டோஸ் 11?

இன்டெல்லில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக உண்டு, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை. ஐ5-3470-இல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் தொடர்ந்து அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. இணையம், கடிதம், படம் என்ற அளவில் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் இதே பெட்டியில் இன்னும் பல வருடம் ஓடும். நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரை அப்டேட் இல்லாத விண்டோஸில் விட்டுவைக்காதீர்கள்.

எந்தக் கட்டத்தில் பழையதைக் கைவிட்டு போர்டோடு மாற்ற வேண்டும்?

எங்கள் கணக்கு இது. புராசசர், கூடுதல் டிடிஆர்3 ராம், ஹீட் சிங்க், எஸ்எம்பிஎஸ் எல்லாம் சேர்த்த தொகை, புதிய ஐ3-12100, எச்610 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 மூன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டியை இதில் சேர்க்க வேண்டாம், அது உங்களோடு வரும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால் இந்தக் கணக்கை வாங்கும் அன்றைய விலையில் போடுங்கள்.

எஃப் இல்லாத ஐ3-12100-ஐயே வாங்குங்கள். அதன் கிராபிக்ஸ் ஏவி1 வரை பார்த்துக்கொள்ளும். பெட்டியில் அடைத்த பதிப்பில் ஹீட் சிங்க் வரும், பெட்டி இல்லாமல் விற்கும் டிரே பதிப்பில் வராது. எச்610 போர்டில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை உண்டு. ராம் வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள்.

ஏஎம்4 (ரைசனுக்கான சாக்கெட்) போர்டு வைத்திருக்கிறேன். எனக்கு?

கொடுத்து வைத்தவர். 2017இல் வாங்கிய ஏ320, பி350 போர்டுகளில் பலவற்றுக்கு ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் 2022இல் வந்துவிட்டது. ரைசன் 3 1200-உம் ஒரு கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் ரைசன் 5 5500 அல்லது 5600. கார்டு இல்லையென்றால் 5600ஜி. மூன்றுமே 6 கோர், 12 த்ரெட், 65 வாட். புதிய பயாஸ் சில போர்டுகளில் ஏ6-9500 போன்ற பழைய சிப்களின் ஆதரவை நீக்கிவிடும், ஆகவே புது புராசசர் கையில் வந்த பிறகு அப்டேட் செய்யுங்கள்.

இங்கே பின்கள் புராசசரில் இருக்கின்றன. ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஹீட் சிங்க்கை இடதும் வலதுமாக மெல்லத் திருகி எடுங்கள். முதல்முறை பூட் ஆகும்போது எஃப்டிபிஎம் (புராசசருக்குள் உள்ள டிபிஎம்) பற்றி ஒய், என் என்று கேட்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

விண்டோஸைத் திரும்ப நிறுவ வேண்டுமா?

புராசசரை மட்டும் மாற்றினால் வேண்டாம், ஆக்டிவேஷனும் பொதுவாகப் போகாது. போர்டு மாறினால் போகும். முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கில் லைசென்ஸை இணைத்து வைத்தால் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் போர்டோடு முடிந்துவிடும், புதிய போர்டுக்கு வராது.